விற்கப் பார்த்த லோரி

சுங்கை மெராந்தி நகராண்மைக் கழகத்தின் வாகன டிப்போவில் சாவிகளெல்லாம் தனலெட்சுமியின் பொறுப்பில் இருந்தன. காலை ஏழரைக்கு வந்து இரும்புக் கதவைத் திறப்பாள். குப்பை லோரிகள் ஒவ்வொன்றாக வெளியேறும்வரை சாவிப் பலகைக்குப் பக்கத்திலேயே நிற்பாள். செவ்வாயும் வெள்ளியும், ஓடாமல் நிற்கும் அவசர வாகனங்களை வரிசையாக முடுக்கி, பத்துப் பத்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பாள். நாற்பத்தேழு வயது. இடுப்பில் எப்போதும் அகலமான ஒரு பெல்ட் இருக்கும், முதுகுக்காக.

அந்த முதுகு கெட்டதே வண்டி ஓட்டித்தான். பாலோ ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவரின் மகள் அவள். இருபத்தொன்பது வயதில் கனரக வாகன உரிமம் எடுத்து, கழகத்தின் ஆம்புலன்ஸை ஒன்பது வருடம் ஓட்டினாள். செம்பனைக் காட்டு மண்சாலைகளில் பிரசவ வலிக்காரிகளைக் குலுங்காமல் கொண்டுவந்து சேர்த்தவள் என்று இன்றைக்கும் தோட்டங்களில் பேச்சு உண்டு. பிறகு முதுகெலும்பில் வட்டு விலகியது. இனிமேல் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, சாவிப் பலகைக்கு வந்து சேர்ந்தாள்.

வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாத இந்தப் பெண்ணுக்குள் ஒரு தீராத வியாதி இருந்தது. அந்த வியாதியின் பெயர் சூசன்.

சூசன் அதே தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதிய கிராணியின் மகள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் இருவரும் ஒரே பெஞ்சு. ஆறாம் ஆண்டில், மாவட்ட விளையாட்டுப் போட்டியின் தொடர் ஓட்டத்தில், கடைசியாக வந்துகொண்டிருந்த அணியை மூன்றாவது சுற்றில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தவள் தனலெட்சுமி. குச்சியை வாங்கி மீதியை ஓடி, நாடாவை நெஞ்சால் அறுத்தவள் சூசன். தலைமையாசிரியர் அறையில் மாட்டிய படத்தில் இருந்ததும் சூசன்தான். தனலெட்சுமி அந்தப் படத்தின் ஓரத்தில், ஒரு முழங்கையாக மட்டும் விழுந்திருந்தாள்.

பிறகு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். சூசன் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள், மாதா கோயில் குழுக்களில் சேர்ந்தாள், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தவளானாள். அதெல்லாம் தனலெட்சுமிக்கு அவ்வளவாக உறுத்தவில்லை. உறுத்தியது 2023 மார்ச் மாத வெள்ளம்.

அன்று காலை தோட்டத் தொழிலாளர்களின் தாழ்வான லய வீடுகளில் தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது. முறைக்கு வரவேண்டிய ஓட்டுநர் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். டிப்போவில் நின்ற உயரமான பழைய லோரியை ஓட்ட வேறு யாருமில்லை. தனலெட்சுமி பெல்ட்டை இறுக்கிக்கொண்டு ஏறினாள். மூன்று நடை. பதினோரு பேரையும் இரண்டு ஆடுகளையும் கொண்டுவந்து மேட்டில் இருந்த நிவாரண மையத்தில் இறக்கினாள். அதன் பிறகு எட்டு நாள் படுக்கையை விட்டு எழுந்திரிக்க முடியவில்லை. படுத்துக்கொண்டே பேப்பரைப் பிரித்தால், நிவாரண மையத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் நீட்டும் சூசனின் படம் அரைப்பக்கத்துக்கு வந்திருந்தது. அடுத்த வருடமே சூசன் நகராண்மைக் கழக உறுப்பினராக நியமிக்கப்பட்டாள். டிப்போவுக்கு அவள் வந்தால் மற்றவர்கள் முன்னால் தனலெட்சுமி அவளை மலாய் மரியாதையோடு 'பூவான் சூசன்' என்றுதான் கூப்பிட வேண்டும்.

"ஒனக்கு ஏன் அவ மேல இவ்ளோ வயித்தெரிச்சல்?" என்று செல்வா ஒருநாள் கேட்டான். தனலெட்சுமியின் கணவன், சிங்கப்பூரில் வேலை, சனி ஞாயிறில் வீட்டுக்கு வருபவன்.

"வயித்தெரிச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. உண்மையச் சொன்னேன்," என்றாள்.

இந்த நிலையில்தான் அவசர வாகனங்களை விற்கும் பேச்சு கிளம்பியது. வெள்ளத்துக்குப் பிறகு கழகத்துக்கு இரண்டு புதிய நான்கு சக்கர இயக்க வாகனங்கள் வந்திருந்தன. பளபளவென்று, பக்கவாட்டில் ஆரஞ்சுக் கோடு போட்டவை. அவை வந்ததும் பழைய மூன்றும் கூடுதல் என்று கணக்காகிவிட்டன: தனலெட்சுமி ஓட்டிய ஆம்புலன்ஸ், ஒரு மீட்பு வேன், தண்ணீர் இறைக்கும் பம்பு பொருத்திய அந்த உயரமான லோரி. மூன்றையும் ஏலத்தில் விட்டுவிட்டு, வரும் காசில் பஜார் தெருச் சாக்கடையைச் சீர்செய்யலாம் என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள். விற்பதா வேண்டாமா என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு சூசனிடம் வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை சூசன் டிப்போவுக்கு வந்தாள். கையில் ஒரு பொட்டலம், ஒரு நோட்டு.

"தனம், பசியாறிட்டியா? நாசி லெமாக் வாங்கிட்டு வந்தேன். சம்பலத் தனியா கட்டச் சொன்னேன். ஒனக்குக் காரம் ஆகாதுல்ல?"

அது நினைவிருந்ததே தனலெட்சுமிக்கு எரிச்சலாக இருந்தது. நன்றி என்று சொல்லிப் பொட்டலத்தை மேசையின் ஓரத்தில் வைத்தாள்.

"எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணுமே தெரியாது லா. நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன்," என்று சூசன் கவிழ்த்துப்போட்ட ஒரு பெயின்ட் வாளியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தனலெட்சுமிக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். ஆம்புலன்ஸ் முடிந்த கதை, அதன் அடித்தட்டு துருவேறிவிட்டது, விற்கலாம் என்றாள். வேனும் அப்படியே. ஆனால் லோரியைத் தொடக்கூடாது. புது வண்டிகள் முழங்கால் தண்ணீருக்கே திணறும்; லோரிக்குக் காற்று இழுக்கும் குழாய் கூரைக்கு மேலே இருக்கிறது, நெஞ்சளவு தண்ணீரிலும் நிற்காது. தாழ்வான லயங்கள் நான்கு இருக்கின்றன, அங்கே போக வேறு எந்த வண்டியாலும் முடியாது. ஒரு மணி நேரம் பேசினாள். சூசன் எட்டுப் பக்கம் எழுதினாள்.

இரண்டு வாரம் கழித்து, மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. டிப்போ தலைவர் அர்ச்சுனனோடு தனலெட்சுமியும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கடைக்காரர்கள் சாக்கடையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு சூசன் எழுந்தாள். பட்டுச் சேலை, தெளிவான மலாய். காற்றுக் குழாய், நெஞ்சளவு தண்ணீர், நான்கு லயங்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். "புது வண்டிகள் ஊருக்கு அழகு, இந்த லோரி ஊருக்கு உயிர்" என்று தனலெட்சுமி போகிற போக்கில் சொன்னதைக்கூட விடவில்லை. அந்த இடத்தில் மண்டபமே கைதட்டியது.

"இந்த விவரங்களையெல்லாம் டிப்போவில் உள்ளவர்கள் எனக்குச் சொன்னார்கள்," என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள் சூசன்.

உள்ளவர்கள்! தனலெட்சுமியின் காது சுட்டது. பெயர் சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா? பக்கத்தில் அர்ச்சுனன், "பூவான் நல்லா பேசுறாங்க லா," என்று கை தட்டிக்கொண்டிருந்தார். தனலெட்சுமியும் தட்டினாள். கை வலித்தது.

அதற்கடுத்த வாரம் சூசன் போன் செய்தாள். முடிவு எடுக்கும் முன் உறுப்பினர்கள் எல்லாரும் புதன்கிழமை காலை டிப்போவுக்கு வருகிறார்களாம். லோரி ஓடுகிறதா, பம்பு தண்ணீர் இறைக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

"கழகத் தலைவர் என்னையே முடுக்கிக் காட்டச் சொல்றாரு. பேப்பர்காரங்களும் வராங்க. எல்லாம் சரியா இருக்கும்ல, தனம்?"

"எல்லாம் சரி," என்றாள் தனலெட்சுமி.

எல்லாம் சரியில்லை என்பது அவளுக்குத் தெரியும். லோரியின் பேட்டரி பலவீனமானது. விற்கப்போகிற வண்டிக்குப் புதுசு எதற்கு என்று அலுவலகம் அவள் கேட்டதைத் தள்ளிப்போட்டிருந்தது. முதல் நாளே சார்ஜ் போட்டு வைத்தால்தான் நம்பி முடுக்கலாம். இன்னொன்று, அந்தப் பழைய டீசல் எஞ்சினில் சாவியைப் பாதி திருப்பி, மஞ்சள் விளக்கு எரிந்து அணையும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் திருகினால் இருமும், பிடிக்காது. இந்த இரண்டையும் சூசனிடம் அவள் சொல்லவில்லை. அன்று ஒரு மணி நேரப் பேச்சில் அவை வரவில்லை. இன்று போனில் வாய்வரை வந்தவற்றை விழுங்கிவிட்டாள்.

செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு சார்ஜரின் இரண்டு கிளிப்புகளையும் கையில் எடுத்துக்கொண்டு லோரி பக்கத்தில் நின்றாள். பட்டுச் சேலையில் சூசன் அந்த உயரமான படியில் ஏறுவதும், கேமராக்கள் அவள் பக்கம் திரும்புவதும் கண்ணில் வந்தன. கிளிப்புகளைக் கொண்டுபோய் அதன் ஆணியிலேயே மாட்டிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் வந்தார்கள். சூசன் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருகினாள். லோரி இருமியது. மறுபடி திருகினாள். இன்னும் கொஞ்சம் இருமியது. மூன்றாவது தடவை வெறும் 'டிக்' என்ற சத்தம். நான்காவது தடவை அதுவும் இல்லை. யாரோ ஒருவர் சிரித்தார். பேப்பர்காரர் அப்போதும் படம் எடுத்தார்.

தனலெட்சுமியின் நாவில் இனிப்பாக ஏதோ ஊறியது. முப்பத்தைந்து வருடமாகக் காத்திருந்த இனிப்பு. அது தொண்டையைத் தாண்டுவதற்குள், "இந்தப் பழைய இரும்புக்கா இத்தனை பேச்சு? மூன்றையும் ஏலத்துக்கு அனுப்பிவிடலாம்," என்று ஒரு உறுப்பினர் சொன்னது காதில் விழுந்தது. கழகத் தலைவர் திரும்பி, இந்த வண்டியைப் பராமரிப்பது யார் என்று அர்ச்சுனனிடம் கேட்டார். அர்ச்சுனன் தனலெட்சுமியைப் பார்த்தார்.

அதற்குள் சூசன் மேலேயிருந்து இறங்கிவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"அவங்க மேல தப்பில்ல, துவான். எப்படி முடுக்கணும்னு அவங்க எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. நான்தான் மறந்துட்டேன்," என்று தலைவரிடம் மலாயில் சொன்னாள்.

தனலெட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கம் வந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவிலும் பழைய எரிச்சல் தலை தூக்கியது. பழியை ஏற்றுக்கொள்வதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள்!

வெள்ளிக்கிழமை சந்தையில் அங்கம்மாவைப் பார்த்தாள். தோட்டத்தில் செம்பனைப் பழம் பொறுக்கும் வேலை செய்பவள். வெள்ளத்தன்று கடைசி நடையில் ஏறியவள். அந்த இரண்டு ஆடுகளும் அவளுடையவை.

"தனம், அந்த லோரிய விக்கப் போறாங்களாமே? கெட்டுப் போச்சுன்னு சொல்றாங்க. அன்னிக்கு நல்லாத்தானே ஓடுச்சு?"

"பேட்டரிதான்," என்றாள் தனலெட்சுமி.

"அப்ப பேட்டரி மாத்தினா போதுமே. ஏன் விக்கணும்?" அங்கம்மா கீரைக் கட்டை உதறிக்கொண்டே கேட்டாள். "டிசம்பர் வந்தா மழ வந்துரும். நாங்க எங்க போறது?"

தனலெட்சுமி எதையோ முனகிவிட்டு, வாங்க வந்த மீனை வாங்காமலேயே திரும்பினாள்.

சனிக்கிழமை மத்தியானம் செல்வா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"நீ அவளப் பழி வாங்குனியா, லோரியப் பழி வாங்குனியா?"

அவள் தண்ணீர்க் குவளையை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் மீதிச் சோற்றைச் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முடிவெடுக்கும் கூட்டம். தனலெட்சுமி ஏழு மணிக்கே டிப்போவுக்குப் போய், குப்பை லோரி ஒன்றிலிருந்து நல்ல பேட்டரியைக் கழற்றச் சொல்லி உயரமான லோரியில் மாட்டவைத்தாள். அர்ச்சுனன் ஓடிவந்தார்.

"அலமாக், நீ ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு!"

"ரெண்டு கிலோமீட்டர்தானே, அண்ணே. அன்னிக்கு நின்னது என்னால. இத நான்தான் கொண்டுபோகணும்."

அவர் வாசலிலிருந்து விலகினார். அவள் சாவியைப் பாதி திருப்பி, மஞ்சள் விளக்கு அணையக் காத்திருந்து, முடுக்கினாள். பஜார் தெரு வழியாக லோரி போனபோது கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஒவ்வொரு குழிக்கும் அவள் முதுகில் கத்தி இறங்கியது.

கழகக் கட்டடத்தின் முன்னால் நிறுத்திவிட்டு இறங்கியபோது, சூசன் தன் காரிலிருந்து கோப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், ஓடுதா!" சூசனின் முகம் மலர்ந்தது.

"அன்னிக்கும் ஓடியிருக்கும். நான் சார்ஜ் போடல. மஞ்ச விளக்கப் பத்தியும் ஒன்கிட்ட சொல்லல."

"நீ சொன்னேல்ல? நான்தான் எழுதாம விட்டுட்டேன். நோட்ட எத்தன வாட்டி திருப்பிப் பாத்தேன் தெரியுமா? அஞ்சு நாளா என்னையே திட்டிக்கிட்டு இருக்கேன்."

"நீ எழுதாம விடல. நான் சொல்லல. வேணும்னுதான் சொல்லல."

சூசன் கோப்புகளை மறுபடி காரின் மேல் வைத்தாள். அவள் முகம் மெல்ல மாறுவதைத் தனலெட்சுமி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏன்டி?"

"பொறாம."

"என் மேலயா? என்கிட்ட என்ன இருக்கு?"

தொடர் ஓட்டப் படம், பொட்டலப் படம், 'உள்ளவர்கள்' என்ற வார்த்தை எல்லாம் வரிசையாக வாயில் வந்து நின்றன. சொன்னால் சின்னப் பிள்ளைச் சண்டை மாதிரி இருக்கும் என்று தோன்றியது. ஒன்றை மட்டும் சொன்னாள்.

"அன்னிக்கு மண்டபத்துல எம்பேர நீ சொல்லல."

சூசனின் கண் கலங்கியிருந்தது, அது கோபமா அழுகையா என்று தெரியவில்லை. கோப்புகளை எடுத்துக்கொண்டு, படியேறி உள்ளே போய்விட்டாள்.

தனலெட்சுமி லோரியின் டயரில் சாய்ந்து நின்றாள். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பணியாளர் வெளியே வந்து, தனலெட்சுமி என்பவர் யார் என்று கேட்டார். பூவான் சூசன் கூப்பிடுகிறார்களாம்.

உள்ளே நீள மேசை, இருபது பேர். சூசன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "நான் இதுவரை சொன்னதெல்லாம் இவங்க சொன்னது. பேர் தனலெட்சுமி. வெள்ளத்தன்னிக்கு லோரிய ஓட்டுனது இவங்கதான். இனி இவங்களே பேசட்டும்," என்றாள்.

தனலெட்சுமியின் மலாய் டிப்போ மலாய். அதில்தான் பேசினாள். புதன்கிழமை லோரி நின்றது தன் குற்றம், முதல் நாள் போடவேண்டிய சார்ஜைத் தெரிந்தே போடவில்லை என்று முதலில் சொன்னாள். பிறகு தாழ்வான லயங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, எதில் எத்தனை வீடு, வெள்ளத்தன்று எந்த வீட்டில் தண்ணீர் எதுவரை நின்றது என்று சொன்னாள். லோரி வாசலில் நிற்கிறது, வந்து பாருங்கள் என்று முடித்தாள். தலைவர் எழுந்து போனார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். பம்பு கழகத்து முற்றத்தையே நனைத்தது.

ஆம்புலன்ஸும் வேனும் ஏலத்துக்குப் போயின. லோரிக்குப் புதுப் பேட்டரி வந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகு மறுபடி யோசிக்கலாம் என்று முடிவானது. தனலெட்சுமிக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது. முதுகுக்காகப் பத்து நாள் விடுப்பும் எடுக்க வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸை இழுத்துக்கொண்டு போன நாளில் அவள் டிப்போவில் இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பேப்பரில் லோரியின் முன்னால் நிற்கும் சூசனின் படம் வந்தது. செய்தியில் தனலெட்சுமியின் பெயரும் இருந்தது, ஒரு எழுத்துப் பிழையோடு. படத்தைப் பார்த்ததும் வழக்கமான எரிச்சல் வந்தது. வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் சூசன் வரவில்லை. டிப்போவுக்கும் வரவில்லை, போனும் செய்யவில்லை. தனலெட்சுமி இரண்டு தடவை அழைத்தாள், எடுக்கவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் ஓடியது. செவ்வாய்க்கிழமைகளில் லோரியை உறுமவிட்டுக்கொண்டு நிற்கும்போது, வாசல் பக்கம் கார் சத்தம் கேட்டால் அவள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

ஆகஸ்டில் அர்ச்சுனனின் மகள் ஷர்மினிக்குக் கல்யாணம். மத்தியான விருந்தில் தனலெட்சுமி தட்டை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, மூலையில் ஒரு மேசையில் சூசன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் மாதா கோயில் குழுவைச் சேர்ந்த டோரிஸ். டோரிஸ் காதோடு காதாக ஏதோ சொல்ல, சூசன் மேசையில் கையைத் தட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தனலெட்சுமிக்கு ஏழு வயதிலிருந்து தெரியும்.

நெஞ்சுக்குள் பக்கென்று பற்றிக்கொண்டது. இது பழக்கமான எரிச்சல்தான். ஆனால் இந்தத் தடவை எரிச்சல் சூசன் மேல் இல்லை. சூசனின் பட்டு, பதவி, படம் எதுவும் கண்ணில் படவே இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் டோரிஸின் மேல்தான் அவளுக்கு அப்படி எரிந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பொறாமை தனக்குள் இருந்ததையே அவள் அறிந்ததில்லை.

தட்டோடு அந்த மேசைக்கே போய் நின்றாள்.

"இங்க ஆள் இருக்கா?" என்று சூசனுக்கு இந்தப் பக்கம் இருந்த நாற்காலியைக் காட்டிக் கேட்டாள்.

சூசன் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே பாதியில் நின்றது. டோரிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள் சூசன். நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கோழிப் பெரட்டல் பக்கம் போகாத. செம காரம்."

தனலெட்சுமி முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.